சாதாரண ஆள் ஒருவர் தேவை

“நீங்க ஒரு சாதாரண ஆளுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க டாக்டர். கால்ல வேணாலும் விழறேன்.”

பேராசிரியர் டாக்டர் விமலன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரே நின்ற திருச்செல்வத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

திருச்செல்வத்துக்கு வேறு வழியில்லை. இயந்திரத்தின் இரைச்சலை அலசி, அது என்றைக்குப் படுக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையைக் கண்டுபிடிக்கப் பதினொரு வருஷம். வேலையையும் விட்டாயிற்று. காப்புரிமை அலுவலகமோ, ‘இத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள யாருக்கு வேண்டுமானாலும் தோன்றக்கூடியதே’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது.

நாளை மறுநாள் மேல்முறையீடு. அதோடு கதவு சாத்தப்படும். அந்தச் சாதாரணத் தேர்ச்சிக்காரர் ஒருவரே வந்து, ‘எனக்குத் தோன்றவில்லை’ என்று சத்தியப் பிரமாணம் கொடுத்தால் பிழைக்கலாம் என்றாள் வழக்கறிஞர் கார்த்திகா.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை சாதாரண ஆள் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் அரசர் கையால் டத்தோ பட்டம் வாங்கியவர். இன்னொருவருக்குப் பெயருக்குப் பின்னால் பட்டங்களே ஒன்றரை வரி.

“நல்ல கண்டுபிடிப்புதான்” என்றார் விமலன். திருச்செல்வம் உடனே கைகூப்பிக் குழைந்தார். யார் புகழ்ந்தாலும் அப்படித்தான். அந்தப் பணிவுக்குச் சங்க மேடைகளில் தனி மரியாதை உண்டு.

“ஆனா இது எனக்கு அப்பவே தோணிச்சு லா. எழுதத்தான் நேரம் இல்ல.”

கடைசியில், பந்திங் ஊரில் செம்பனை எண்ணெய் ஆலையில் இன்ஜினியராக இருக்கும் லோகன்தான் கையெழுத்துப் போட்டார். “ஏழு வருஷமா அந்த மெஷின் சத்தத்தக் கேக்கறேன். தலைவலி வந்துச்சே தவிர, வேற ஒண்ணும் தோணலண்ணே.”

விசாரணை அறையில் அதிகாரி சீதாலெட்சுமி லோகனின் பிரமாணத்தை இரண்டு முறை படித்தார். கேள்விகள் முடிந்தன. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று கார்த்திகா காரிலேயே சொல்லியிருந்தாள். திருச்செல்வமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

பேனாவைத் திறந்த அதிகாரியின் முகம் மலர்ந்தது. அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் தமிழுக்கு வந்தார். மேசைமேல் பதிவுக்கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பெரிய விஷயம் சார். உங்களுக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?”

திருச்செல்வம் கைகூப்பி எழுந்தார். கார்த்திகா அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

“ஐயோ மேடம், இதெல்லாம் சாதாரணம், யாருக்கு வேணாலும் தோணும்.”