போகுமுன் வந்தவர்

பிளம்பர் தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே வேலையை முடித்துத் திரும்பிவிடுவார். கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு நட்சத்திரம் வரை போய்க் குழாய் மாட்டிவிட்டு வந்தால் அப்படித்தான் ஆகும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகுட்டி இல்லாத அந்த வீட்டில் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மூன்று பேர். வந்தவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, போகிறவர் குளித்துக்கொண்டிருப்பார். வந்தவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மனைவி போகிறவரை அனுப்புவாள்.

இன்று யாரும் வரவில்லை. அவள் பூட்ஸ் ஒன்றை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்துவைத்தாள்.

"என் பூட்ஸ் ஒண்ணக் காணோமே, பாத்தியா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"இன்னைக்கு லீவு போட்டுடுங்களேன்," என்றாள்.

வாசற்கதவு திறந்தது. வந்தவருக்குக் காதோரம் நரைத்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. தோளில் ஒரு சின்னப் பெண், அச்சு அசல் அவளுடைய மூக்கு.

"இந்தத் தடவ ரொம்பவே சீக்கிரம் வந்துட்டோம். ஒரு ஏழெட்டு வருஷம் இருக்கும்," என்றார்.

குழந்தை இறங்கி நேரே வாஷிங் மெஷினிடம் போய்ப் பூட்ஸை எடுத்தது. "அம்மா, நீ சொன்ன கத நெசந்தான்!"

"கெடச்சுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"கெடச்சிருச்சுப்பா!" என்று குழந்தை கத்தியது.

உள்ளே உருட்டிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.