சார்ஜ் நிக்கல

"உன்னால முடியலன்னா முடியலன்னு சொல்லிடு ஷிமோதா. இழுத்துட்டுப் போய் ஒடச்சுப் போட்டுடலாம்!"

"ஒடைக்கிறதா? முப்பது வருஷத்துல என்னைப் பாத்ததைவிட இந்தக் காரைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்ததுதான் ஜாஸ்தி. இப்ப வாய் கூசாம ஒடைக்கலாங்கறீங்க!"

ஜப்பானில், யாய்சு துறைமுகத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருந்த அந்த வீட்டின் கார் ஷெட்டில் கிழவர் கட்சுரோவும் மனைவி யாசுயோவும் கத்திக்கொண்டிருந்தார்கள். பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் டிக்கிக்குள் தலையை விட்டபடி நின்றார் மெக்கானிக் ஷிமோதா. அந்த வண்டிக்கு பேட்டரி டிக்கியில்தான்.

பேட்டரி புதுசு. டைனமோ புதுசு. பெல்ட்டும் மாற்றியாயிற்று. ஆனாலும் சில நாள் நிறுத்தி வைத்தால் போதும், சாவியைத் திருப்பினால் 'டிக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"என்னவோ பண்ணித் தொலைங்க!" சிகரெட்டை எடுத்துக்கொண்டு கட்சுரோ கொல்லைப்பக்கம் போனார்.

யாசுயோ இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

"தம்பி, எப்படியாவது ஓட வெச்சுடுப்பா. வண்டி நின்னதுலேர்ந்து மனுஷன் சரியா சாப்பிடல. சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். ஞாயித்துக்கிழமை பேத்தி வர்றா. கூரையத் தெறந்துட்டு தாத்தா பக்கத்துல உக்காந்து கடலோரமாப் போகணும்னு குழந்தை ஒத்தக் கால்ல நிக்கிறா. அதுவும் நடக்கலன்னா இவர் என்ன ஆவாரோன்னு பயமா இருக்கு."

"கடைசியா எப்பம்மா ஓட்டினார்?"

"போன மாசம். இதோ கீழ இருக்கிற மீன் மார்க்கெட்டுக்குத்தான். காலைல போனவர் இருட்டினப்புறம் வந்தார், கையில மீனும் இல்ல. கேட்டா, நடுவழியில பேட்டரி போயிடுச்சாம்."

"ஓடிட்டிருந்த வண்டியிலயா?" ஷிமோதா தலையைச் சொறிந்தார். "கழட்டின பழைய டைனமோவையும் சோதிச்சுப் பாத்தேனே. அதுல ஒரு குறையும் இல்லியே."

"எனக்கென்னப்பா தெரியும்? வயசாயிடுச்சு, ஓட்டினது போதும், லைசென்ஸத் திருப்பிக் குடுத்துடுங்கன்னு பொண்ணு வேற சொல்றா. இவரா குடுப்பார்? பக்கத்து வீட்டு ஒகுரா போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்தப்ப, 'இனிமே உன் நாய்தான் உன்னைக் கூட்டிட்டுப் போகணும்'னு தெருவே கேக்கச் சிரிச்ச மனுஷன் ஆச்சே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனாள்.

ஷிமோதா இஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார். சார்ஜ் நன்றாகத்தான் ஏறியது. அணைத்தார். டிக்கியை மூடிவிட்டு முன்பக்கம் போய் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி வந்து டிக்கியைத் திறந்தபோது, மூலையில் இருந்த குட்டி பல்பில் புறங்கை பட்டது.

சுட்டது.

மூடின டிக்கிக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது! மூடும்போது ஸ்விட்சை அழுத்தி விளக்கை அணைக்க, டிக்கிக் கதவில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அதைக் காணோம்.

பழசு, உதிர்ந்திருக்கும் என்று நினைத்து டார்ச் அடித்தார். உதிரவில்லை. யாரோ பிளேடு வைத்து வழவழவென்று அறுத்திருந்தார்கள்.

யார் வேலை இது? கிழவர் ஓட்டக் கூடாது என்று மகள் செய்தாளோ? சொன்னால் வீடு ரெண்டுபடுமே!

பின்னால் சிகரெட் வாசனை. கட்சுரோ நின்றிருந்தார். கையை நீட்டி விரித்தார். உள்ளங்கையில் அந்தக் கறுப்பு ரப்பர் குமிழ்.

"ஐயா... நீங்களா?"

"தம்பி, கோளாறு தெரிஞ்சுதா?" டீத் தட்டோடு வாசற்படி இறங்கிக்கொண்டே கேட்டாள் யாசுயோ.

கிழவர் ஷிமோதாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடாதப்பா. அன்னிக்குப் போனது பேட்டரி இல்ல. வீட்டுக்கு வர்ற வழிதான் மறந்துபோச்சு."

ஷிமோதாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.