தெரு நீளத்துக்கு ஒரு பாவு

“ஐயா, சும்மாதானே நிக்கிறீங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க” என்று நெசவுக்காரம்மா ஒரு மூங்கில் கழியை ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டரின் கையில் திணித்துவிட்டாள்.

கழியின் பின்னால் பாவு. நெய்வதற்கு நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு நூல். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இடுப்புயரத்தில் நீண்டு கிடந்தது. நாலாயிரம் இழை இருக்கும். பத்தாயிரம் என்றாலும் யாரும் வந்து எண்ணப் போவதில்லை.

கழியைக் கட்டியிருந்த முளைக்கட்டை தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வேறு முளை எடுத்துவர அவள் வீட்டுக்காரர் ஓடியிருந்தார். அதுவரை யாராவது பிடித்தாக வேண்டும்.

கோவில் பார்க்க வந்த சுற்றுலா பஸ்ஸின் இருபத்திரண்டு பேரும் அப்போது அந்தத் தெருவில்தான் நெசவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பை, குடை, தண்ணீர் பாட்டில், செல்போன் என்று ஆளுக்கு ஆறு கை இருந்தாலும் போதாது. மந்திரி மாதிரி கையை வீசிக்கொண்டு வந்தவர் மாஸ்டர் ஒருவர்தான். அவருடைய பையும் குடையும்கூட மனைவியின் தோளில் தொங்கின.

“இழுக்காதீங்க, தளர விட்டுடாதீங்க. விட்டீங்கன்னா மூணு பேர் நாலு நாள் சுத்தின நூல் மொத்தமும் சிக்கலாயிடும்.”

அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அறுந்த இழைகளை முடிச்சுப் போட அவள் மறுகோடிக்கு நடந்தாள்.

மாஸ்டர் கழியை இரண்டு கையாலும் பற்றினார். முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் ஒரு கொடியை அசைத்தே லட்சம் ரயிலை அனுப்பியவர். ஆனால் எந்த ரயிலும் அவரை நம்பி இப்படி அந்தரத்தில் தொங்கியதில்லை.

காலை அகட்டி வைத்தார். வயிற்றை உள்ளே இழுத்தார். அது வர மறுத்தது.

பதினொரு மணிக்கு பஸ். பன்னிரண்டுக்குக் கோவில் கதவை அடைத்துவிடுவார்கள். வழிகாட்டித் தம்பி விசிலடிக்க, கூட்டம் மந்தையாக பஸ்ஸைப் பார்த்து நகர்ந்தது.

மாஸ்டர் நகரவில்லை.

முளை எடுக்கப் போனவரோ, விதை போட்டு, மரம் வளர்த்து, அதை வெட்டிக்கொண்டுதான் வருவார் போலிருந்தது.

மூக்கின்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. குருவி சைஸ் ஈ. மாஸ்டர் மூக்கைச் சுளித்தார், புருவத்தைத் தூக்கினார், காதைக்கூட ஆட்டிப் பார்த்தார். கை மட்டும் கழியிலேயே இருந்தது. பாவுக்கு அடியில் படுத்திருந்த பூனை ஒன்று இந்தக் கூத்தை இலவசமாகப் பார்த்தது.

அப்போது மனைவி வந்தாள். வந்தாள் என்பது சரியில்லை. புயல் கரையைக் கடந்தது.

“உங்களைக் காணோம்னு விசிலடிச்சு விசிலடிச்சு அந்தத் தம்பிக்கு வாயே கோணிப்போச்சு! பஸ்ல அத்தனை பேரும் என்னைத்தான் முறைக்கிறாங்க. விடுங்க அதை!”

“மாட்டேன்.”

“என்னது?”

“முளை வர்ற வரைக்கும் விடமாட்டேன். பஸ் போனா போகட்டும். நீயும் வேணா போ.”

நாற்பத்தொரு வருஷத்தில் அவர் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. பூனையே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

“குடுங்க, நானே பிடிக்கிறேன்” என்று மனைவி பையைத் தோளுக்கு ஏற்றிவிட்டுக் கழியை நோக்கிக் கையை நீட்டினாள்.

மறுகோடியிலிருந்து நெசவுக்காரம்மா கத்தினாள். “அம்மா, அவர்கிட்டயே இருக்கட்டும்! எங்க வீட்டுக்காரர் பிடிச்சாலே நூல் அலையடிக்கும். ஐயா கை கல்லு மாதிரி நிக்குது, பாருங்க!”

மனைவி பார்த்தாள்.

முதலில் அவர் கைகளை. பிறகு தெரு முழுக்க நீண்ட இழைகளை. காற்றில்லாத குளம்போல ஒரு நெளிவுகூட இல்லாமல் கிடந்தன.

கல்யாணத்தன்றே போட்டோக்காரரோடு சண்டை போட்டவள் அவள். இப்போது பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

வழிகாட்டித் தம்பி விசிலோடு ஓடிவந்தான். அவன் ஊதுவதற்குள் அவள் திரும்பினாள்.

“பஸ் நிக்கட்டும் தம்பி. கோவில் எங்கயும் ஓடிப்போயிடாது.”

பதினொன்று இருபதுக்கு முளை வந்தது. வீட்டுக்காரர் அதைத் தரையில் அறைந்து, கயிற்றைச் சுற்றி, “விடலாங்கய்யா” என்றார். மாஸ்டர் ஒவ்வொரு விரலாக, மனசே இல்லாமல் எடுத்தார்.

நெசவுக்காரம்மா பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். விளிம்புவரை ததும்பியது.

மாஸ்டர் கையை நீட்டினார். மனைவியின் கையும் பழக்கதோஷத்தில் கூடவே நீண்டு, பாதி வழியில் நின்று, திரும்பிப் போய்விட்டது.

இரண்டு வருஷமாக வீட்டில் அவருக்கு யாரும் அரை டம்ளருக்கு மேல் ஊற்றிக் கொடுப்பதில்லை. சட்டைப் பொத்தானை மகன் போட்டுவிடுவான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டைவிரல்தான்.

டம்ளரை வாங்கியதுமே கை வழக்கம்போல் தந்தியடிக்கத் தொடங்கியது. கால்வாசி சட்டைக்குப் போயிற்று, கால்வாசி தெருவுக்கு. மிச்சத்தை மாஸ்டர் அண்ணாந்து, அனுபவித்துக் குடித்தார்.

நெசவுக்காரம்மா திகைத்துப்போய் அவர் கையைப் பார்த்தாள். பிறகு நூலைப் பார்த்தாள்.

“இன்னொரு டம்ளர் குடும்மா” என்றாள் மனைவி. “நிறைய ஊத்து.”