கருத்துகள்: பூஜ்யம்

"எட்டாம் வகுப்பா சார் அது? நாப்பதும் கல்லுளிமங்கனுங்க," என்றபடி ஆசிரியர் அறை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள் அறிவியல் டீச்சர்.

எதிரே கம்ப்யூட்டர் சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அந்த வகுப்புக்கு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

"இலை ஏன் பச்சையா இருக்கு, மின்னலுக்கு அப்புறம் ஏன் இடி கேக்குதுன்னு மூணு வாரமா கண்ணு பூத்துப்போக எழுதுறேன். கீழ ஒருத்தர் கூட ஒரு வரி கருத்து எழுதலை. இன்னைக்குக் காலையில மொத்த வகுப்பையும் நிக்க வெச்சுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? 'வலைப்பூவுல நீங்க பண்றது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கலை'ன்னு தினம் சொல்றேன். தலையைத் தொங்கப் போட்டுக்குறாங்க. நீங்களே பாருங்க, பூஜ்யம்." மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

சார் பேனாவை மூடினார். "'கண்டதையும் எழுதுவாங்க, நான் பார்த்து அனுமதிக்காம எதுவும் வெளிய வரக்கூடாது'ன்னு முதல் நாளே கண்டிஷனா சொன்னீங்களே டீச்சர். அந்தப் பக்கத்தைத் திறந்தீங்களா?"

"எந்தப் பக்கத்தை?"

சார் ஓரத்தில் ஒரு பொத்தானைத் தட்டினார்.

'உங்கள் அனுமதிக்காகக் காத்திருப்பவை: 412.'

அந்தப் பட்டியலில் நாற்பது பேரும் இருந்தார்கள். கடைசியாக, இன்று மதியம் வகுப்புத் தலைவி எழுதியிருந்தாள்:

"டீச்சர், நாங்க எழுதுறது எதுவுமே உங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரியுது. நாளைக்கும் நின்னுக்குறோம். எது தப்புன்னு மட்டும் சொல்லிடுங்க."