சார்ஜ் ஏறாத கார்

பதினெட்டு நாளில் மூன்றாவது முறையாக அதே கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. மாப்பிள்ளை பின்னாலிருந்து மூச்சு வாங்கத் தள்ள, மாமியார் கம்பீரமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

"புது பேட்டரின்னு எதைத் தம்பி என் தலையில கட்டுனே? நாளைக்கு எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். இன்னிக்கும் சரியாகலைன்னா உன் பேரைத் தெரு முழுக்க நாறடிச்சிடுவேன்!"

மெக்கானிக் பானட்டைத் திறந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். பதினோரு வோல்ட்தான் காட்டியது; பேட்டரி மறுபடியும் காலி. வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்ததும் முள் பதினாலைத் தொட்டது. இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஒழுங்காகத்தான் ஏறுகிறது. அணைத்த பிறகு மின்சாரம் எங்கும் கசியவும் இல்லை.

"வண்டியில ஒரு குறையும் இல்லம்மா. தினமும் ஓட்டுறீங்களா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டே? தினமும் ரெண்டு மணி நேரம் பழகுறேன். ஹார்ன், வைப்பர், ஹெட்லைட் எல்லாம் எனக்கு அத்துப்படி. வேணும்னா மாப்பிள்ளையைக் கேளு."

மாப்பிள்ளை செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"எவ்வளவு தூரம் போவீங்க?"

"தூரமா? இன்ஜினை ஸ்டார்ட் பண்றது கடைசிப் பாடம்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரே!"