யார் சொன்னது?
பருத்திப்பட்டு ஏரியில் பட்டுத் தெறிக்கும் வெயில் தாட்சாயிணியின் லேப்டாப் திரையில் விழுந்து கண்ணைக் கூச வைக்கிறது. நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வெளியே கசியாமல் காக்க, யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக விட்டிருக்கும் ஒரு கோட் லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, அவள் இன்றைக்குள் தான் எழுதும் ஆஸ்பத்திரி ஆப்பில் சேர்த்தாக வேண்டும். "நம்ம வாட்ஸப் குரூப்ல அத்தினி பேரும் நல்லா கீதுன்றாங்க, கண்ண மூடிகினு போடு" என்கிறான் பக்கத்து நாற்காலி வரதன், பஜ்ஜி எண்ணெயைப் பேப்பரில் துடைத்தபடி. "நீ போட்டுப் பாத்தியா?" "இல்ல, தமிழ்வாணன் சொன்னான்." அதே குரூப்பில் இருக்கும் தமிழ்வாணனுக்குப் போன் போடுகிறாள். ஸ்பீக்கரில் பாடி மேம்பாலத்து ஹாரன்கள் அலறுகின்றன. "நான் எங்க தொட்டேன்? குரூப்ல லிங்க் வந்துச்சு, லைக் போட்டேன்." "யாருடா போட்டது?" என்று பல்லைக் கடிக்கிறாள். "இன்னாம்மா, நீதான! நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு எல்லாரும் லைக் போட்டோம்." வாட்ஸப்பை மேலே தள்ளிக்கொண்டே போகிறாள். குவிந்து கிடக்கும் கட்டைவிரல்களுக்கு மேலே, அவள் போட்ட லிங்க்கும் அவளுடைய கேள்வியும் அப்படியே இருக்கின்றன: 'இதை நம்பலாமா?'