சைலன்சர் மீது நாலு குற்றம்

முதல் குற்றம், சங்கத்தின் மஞ்சள் சட்டையை அவர் வாங்கவில்லை.

இரண்டாவது, நம்ம ஊர் அணி கோல் போட்டு எல்லோரும் குதிக்கும்போது, அவர் உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டுவார்.

மூன்றாவது, போன மாதம் நம்ம பையன் பெனால்ட்டியை வெளியே அடித்தபோது காலரி மொத்தமும் திட்டித் தீர்த்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

நாலாவதுதான் பொறுக்க முடியாதது. போன ஞாயிறு, எதிரணியின் ஊரில் நாம் நாலு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்தில், அவர் அந்த மைதானத்தில் இருந்தார்.

தையல் கடை மாடியில் கூடிய ரசிகர் சங்கக் கூட்டத்தில், தலைவர் இதே வரிசையில் குற்றங்களை அடுக்கினார். சங்கத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான் பெயர். கோஷம் போட்டே பதவிக்கு வந்ததால் தலைவருக்குப் பெயர் முழக்கம். பைக் மெக்கானிக்கான குற்றவாளி அதிகம் பேசமாட்டார். அதனால் சைலன்சர்.

அடுத்த வாரம் இறுதியாட்டம். சங்கத்தை விட்டு நீக்கப்பட்டவர் காலரியில் கால் வைக்க முடியாது.

சந்தேகம் என்று வந்துவிட்டால் ஆதாரத்துக்கா பஞ்சம்? அவர் ஷெட்டில் நிற்பதில் பாதி அந்த ஊர் வண்டிதான் என்றார் டீக்கடைக்காரர். நம்ம கார்னர் கிக் ரகசியம் அவர்களுக்கு எப்படிப் போனது என்று கேட்டார் தையல்காரர். நம்ம அணிக்கு அப்படியொரு ரகசியம் இருப்பதே பலருக்கும் அன்றுதான் தெரிந்தது.

சைலன்சர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தீர்மானத்தைத் தலைவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. செயலாளர் மருந்துக்கடை அக்கா அதைக் கையில் வாங்கிக்கொண்டு, கேள்விப்பட்டதெல்லாம் செல்லாது, நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டார்.

“நான்தாம்மா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்றார் தலைவர்.

சைலன்சர் நிமிர்ந்தார். “எங்க நின்னேன் அண்ணே?”

“கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி, கம்பி வலை அடிச்ச மூலையில. மொட்டை வெயில்ல.”

“அது வெளியூர்ல இருந்து வர்ற ரசிகருக்கு ஒதுக்குற இடமாச்சே” என்றார் அக்கா. “அப்போ நம்ம ஆளுங்க நிக்க வேண்டிய இடம். எத்தனை பேர் நின்னாங்க?”

“இவன் ஒருத்தன்தான்.”

அதையும் குற்றமாகத்தான் சொன்னார். ஆனால் யாரும் ‘ச்சே’ என்று முகம் சுளிக்கவில்லை.

டீக்கடைக்காரர்தான் மெல்லக் கேட்டார். “அவ்வளவு தூரம் எதுக்குப்பா போனே?”

“ஆட்டம் முடிஞ்சதும் பசங்க நம்ம பக்கமா வந்து கையைத் தூக்குவாங்கல்ல?” சைலன்சர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். “அங்க யாராவது நிக்கணுமே.”



அக்கா தலைவர் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு இடுப்பு வலின்னுதானே அன்னிக்கு சங்கத்துக்கு பஸ்ஸே வேணாம்னீங்க? நீங்க எங்க இருந்து பார்த்தீங்க?”

தலைவர் தண்ணீர் குடித்தார். சம்பந்தி அந்த ஊர்க்காரர் என்றார். அவர் பாஸ் எடுத்து வைத்துக் கூப்பிட்டார், மறுத்தால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத்தானே சங்கடம் என்றார். பாஸ் என்றால் கூரை போட்ட காலரி என்பதை அவர் சொல்லவில்லை, டீக்கடைக்காரர் சொன்னார்.

“அப்போ நாலாவது கோல் விழுந்தப்போ, இவர் என்ன பண்ணினார்னு பார்த்தீங்களா?” என்றார் அக்கா.

“எங்கம்மா பார்க்கிறது? முன்னாடி இருந்தவன் பூரா எழுந்து நின்னு மறைச்சுட்டான். நானும் எழுந்துதான்...”



அக்கா பேனாவைத் திறந்து, காலியாக இருந்த இடத்தை நிரப்பினார். சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும் என்பது சங்க விதி. தையல்காரரையும் டீக்கடைக்காரரையும் பக்கத்தில் நிற்க வைத்து, தலைவர் எழுதிய வாசகத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் வாசித்தார்:

“எதிரணி ரசிகர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்த துரோகத்துக்காக, இன்று முதல் சங்கத்திலிருந்து நீக்கப்படுபவர், முழக்கம்.”